கலர் ரூம் அக்கா

அந்த வருடம் பட்டறை ஆயுத பூஜைக்குக் குங்குமம் வாங்க மறந்தது நான்தான். சக்கரங்களைத் துடைத்துவிட்டோம், சூளைக்கு மாலை போட்டாயிற்று, பொரியும் சுண்டலும் வாழைப்பழமும் தட்டில் இருக்கின்றன. சந்தனம்கூட இருக்கிறது. குங்குமம் இல்லை. வெளியே மழை. கடைக்குப் போவதென்றால் ஒரு கிலோமீட்டர் மேடேறி மெயின் ரோட்டுக்குப் போகவேண்டும். கலர் ரூமில் டப்பா டப்பாவாகச் சிவப்புப் பொடி இருக்கிறதே, ஒரு சிட்டிகை எடுத்து வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளவா போகிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கதவைத் திறக்கப் போனேன்.

அக்கா வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

“அது இரும்புச் செகப்பு தங்கச்சி. அதால பெருசா ஒண்ணும் ஆகாது. ஆனா இன்னைக்கு நெத்திக்கு இத எடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் பக்கத்து டப்பாவ எடுப்பாங்க. வேணாம்.”

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். முக்கால் மணி நேரம் கழித்து, புடவை முழங்கால்வரை நனைந்து ஒட்டியிருக்க, ஒரு சின்னக் குங்குமப் பொட்டலத்தோடு வந்தார். அதுவரை சாமி காத்திருந்தது. நாங்களும்தான்.

அவர் பெயரைப் போடவேண்டாம் என்று மகள் மலர் கேட்டுக்கொண்டாள். அதனால் நாங்கள் எல்லோரும் கூப்பிட்டதுபோல் கலர் ரூம் அக்கா என்றே சொல்கிறேன்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், பழைய தேயிலைக் குடோன் ஒன்றில் நடந்தது எங்கள் மண்பாண்டப் பட்டறை. பட்டறை என்று சொன்னால் முதலாளியம்மாவுக்குப் பிடிக்காது, ஸ்டுடியோ என்று சொல்லவேண்டும். பன்னிரண்டு பேர் வேலை செய்தோம். நான் மேட்டுப்பாளையத்துக்காரி. கல்யாணமாகி அருவங்காட்டு ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்து, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அங்கே மேனேஜராகச் சேர்ந்தேன். சாமான் வாங்குவது, பார்சல் அனுப்புவது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் முதலாளியம்மாவுக்கு அடுத்தபடி நான் ஒருத்திதான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. ஐந்து வயதில் அப்பா அம்மாவோடு இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். டீயைத் தேத்தண்ணி என்பார். எதைச் சொன்னாலும் முடிவில் “விளங்குதா?” என்று ஒரு கேள்வி வைப்பார். எட்டாவது வரை படித்திருந்தார். எழுத்து குண்டுகுண்டாக, அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்.

பானைக்கு நிறம் கொடுப்பது சுண்ணாம்பு அடிப்பதுபோல இல்லை. நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குச் செம்பு அல்லது குரோம், கறுப்புக்கும் பழுப்புக்கும் மாங்கனீஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு உலோகப் பொடி. அதைக் கிராம் கணக்கில் நிறுத்து, கண்ணாடியாக உருகுகிற மாவோடு தண்ணீரில் கரைத்து, பானையை அதில் முக்கி எடுத்துச் சூளையில் வைப்போம். வெந்து வெளியே வரும்போது நிறம் கண்ணாடிக்குள் அடங்கிவிடும். அதற்கு முன்னால் அது வெறும் பொடி. மைதாவைவிட நைசானது. டப்பாவைத் திறந்தாலே பறக்கும்.

பட்டறை தொடங்கிய காலத்தில் வெளிநாட்டுக் குயவர் ஒருவர் இரண்டு மாதம் வந்து தங்கி வேலை கற்றுக்கொடுத்தாராம். பொடி அறையில் என்னென்ன செய்யக்கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். அவர் போனதும் எல்லோரும் மறந்துவிட்டார்கள், அக்கா ஒருவரைத் தவிர. அந்த அறைக்குள் தண்ணீர் பாட்டில் வரக்கூடாது. மிக்சர் பொட்டலம் வரக்கூடாது. துடைப்பம் எடுக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துணியை உடனே அலச வேண்டும். மாசமாக இருக்கிற பெண்கள் வாசற்படியோடு சரி. வேலை முடிந்ததும் அக்கா புடவையை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். வேலைப் புடவையை அங்கேயே, தனி வாளியில், மற்றத் துணியோடு சேர்க்காமல் தோய்த்துக் கொடியில் போடுவார். குன்னூர் மூடுபனியில் அது மூன்று நாள் காயாது. அதனால் நான்கு புடவை வைத்திருந்தார். அக்கா மடி பார்க்கிறார் என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். காலமாகிவிட்ட அவருடைய வீட்டுக்காரர் தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர். மருந்தடித்த சட்டையோடு லயத்து வீட்டுக்கு வருவார். அந்தச் சட்டையை இவர்தான் வெறுங்கையால் கசக்கித் தோய்ப்பார். முதல் பிள்ளை வயிற்றில் இருந்த காலம் அது. மலர் இரண்டாவது பிள்ளை என்பதும், மூத்தது தங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டே, “அந்த மருந்துதான்னு யாரும் சொல்லல தங்கச்சி. இல்லேன்னும் யாரும் சொல்லல” என்றார். அவருடைய நிறுத்தம் வந்தது, இறங்கிவிட்டார்.

எல்லோருக்கும் மாஸ்க் போட்டுவிட்டவர் தன் மாஸ்க்கை மட்டும் அடிக்கடி தாடைக்கு இறக்கிவிடுவார். கலர் ரூம் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாக நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாள் உள்ளே போய்க் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். அந்தக் குளிரில் மாஸ்க்குக்குள் விடுகிற மூச்சு மேலே வந்து கண்ணாடியை மறைத்துவிடுகிறது. தராசில் நம்பர் தெரியவில்லை. இரண்டு கிராம் கூடிப்போனால் ஒரு சூளைப் பாண்டம் முழுக்கப் பாழ். ஜன்னலைத் திறந்து வைக்கலாமென்றால் மூடுபனி உள்ளே புகுந்து பொடி கட்டிதட்டிவிடும். மூச்சு மறைக்காத நல்ல மாஸ்க் இருக்கிறதாம், சுவரில் ஓட்டை போட்டுக் காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற ஃபேன் ஒன்றும் வேண்டும் என்றார். சூளைக் கொட்டகைக்கும் அதே மாதிரி ஒன்று.

நான் எழுதிக்கொண்டேன். மாஸ்க் ஆர்டர் போட்டேன், பழைய மாதிரியே வந்தது. ஃபேன் இரண்டு வந்தன. சுவரை உடைக்க குடோன்காரரிடம் சம்மதம் கேட்கவேண்டும் என்று முதலாளியம்மா சொன்னார். கேட்கிறேன் என்றேன். குடோன்காரர் ஊரில் இல்லை. பிறகு மழை வந்தது, பிறகு தீபாவளி ஆர்டர். இரண்டு ஃபேனும் அட்டைப்பெட்டியோடு என் மேஜைக்குப் பின்னால் அலமாரி மேல் இருந்தன. பார்சல் கயிறு எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டிகளை நகர்த்திவிட்டுத்தான் எடுப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் தங்கக் கலர் வந்தது. மசினகுடிப் பக்கம் புதிதாகக் கட்டிய ரிசார்ட் ஒன்றுக்கு விளக்குக் கூடுகளும் கிண்ணங்களும் வேண்டுமென்றார்கள். வெண்கலம்போல், கறுப்பில் தங்கம் மினுங்க வேண்டும். முதலாளியம்மா எங்கேயோ ஒரு கலவை கண்டுபிடித்தார். மாங்கனீஸ் அதில் கைப்பிடி கைப்பிடியாகப் போகும். முதல் சூளை திறந்த அன்று எல்லோரும் வேலையை விட்டு வந்து பார்த்தோம். அவ்வளவு அழகு. ரிசார்ட்காரர்கள் இருநூறு விளக்குக் கேட்டார்கள். வாரத்துக்கு ஒரு சூளை போட்டவர்கள் மூன்று போட ஆரம்பித்தோம்.

சூளை காலை ஆறு மணிக்குப் போட்டால் மாலை நான்கு மணிக்கு உச்சச் சூட்டுக்கு வரும். கடைசி இரண்டு மணி நேரம் ஒருவர் பக்கத்திலேயே நின்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவிலுள்ள துவாரத்தில் கண்ணை வைத்து, உள்ளே சூட்டைக் காட்டுகிற மண் கூம்பு வளைந்துவிட்டதா என்று பார்க்கவேண்டும். மழைக்காலம், கொட்டகையின் ஷட்டர் மூடியிருக்கும். அந்த வேலையைப் பவித்ரா என்ற பெண் பார்த்துவந்தாள். தங்கக் கலர் தொடங்கிய இரண்டாவது வாரம் தலைவலிக்கிறது, வாயில் துட்டைக் கடித்ததுபோல் இருக்கிறது என்று சொன்னாள். அவள் அப்போது நான்கு மாசம்.

அக்கா அவளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். இனிமேல் சூளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னிடம் வந்து சொன்னார். அன்றிலிருந்து காலையில் பொடி நிறுப்பதும் அவர், மாலையில் சூளை பார்ப்பதும் அவர். வேறு யாரையும் கொட்டகைக்குள் விடமாட்டார். ஷட்டரைத் திறந்து வைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டார். மழைச்சாரல் அடித்தால் சூளைக்கு ஆகாது, மின்சாரச் சமாச்சாரம், மூடியே இருக்கட்டும் என்று நான் சொன்னேன். சரி என்று உள்ளே போனார். பதினாலு மாதம் அப்படி நடந்தது.

முதலில் மாறியது அவர் சிரிப்பு. வேலை செய்கிற ஒரு பெண்ணின் மாமனார் இறந்துபோனார் என்று தகவல் வந்தபோது அக்கா சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு தானே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். இன்னொரு நாள் காரணமில்லாமல் எல்லோரையும் திட்டினார். அவர் வாயிலிருந்து அப்படிப்பட்ட வார்த்தைகள் வந்து நாங்கள் கேட்டதே இல்லை. மத்தியானம் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் குரல் இறங்கத் தொடங்கியது. பஸ்ஸுக்கு இறங்கும் சரிவில் குதிகால் தரையில் படாமல், முன்காலில் குத்திக் குத்தி நடந்தார். அந்த நடையைப் பெண்கள் ஒருவருக்கொருவர் கண்ணால் காட்டிக்கொண்டார்கள், ஆனால் யாரும் கேலி செய்யவில்லை.

ஒரு புதன்கிழமை சூளைத் துவாரத்தில் பார்த்துவிட்டு ஒரு அடி பின்னால் வைத்தவர், அப்படியே பலகை சாய்வதுபோல் மல்லாந்து விழுந்தார். கையை ஊன்றவில்லை. ஓடிப்போய்த் தூக்கினோம். கண் திறந்துதான் இருந்தது. முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை, ஒன்றுமே இல்லை. நான் அந்த முகத்துக்குப் பயந்தேன்.

குடோனில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஒருவர் தூக்குப் போட்டுக்கொண்டாராம். யாரோ கயிறு மந்திரித்துக் கொண்டுவந்து அக்கா கையில் கட்டினார்கள். டவுன் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். நாலு மாதம் கயிறும் மாத்திரையும் வேலை செய்யவில்லை. அக்கா வேலைக்கு வருவது நின்றது. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்திருந்த பவித்ரா மறுபடி சூளைக்குப் போனாள்.

கோயம்புத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று மலர் கேட்டபோது நானும் கூடப் போனேன். டாக்டர் அக்காவை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், மெதுவாகப் பின்னாலிருந்து இழுத்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளைக் கொடுத்து, எதையாவது ஒரு வரி எழுதுங்கள் என்றார். அக்கா தன் பெயரையும் ஊரையும் லயத்தின் பெயரையும் எழுதினார். முதல் எழுத்து ஓரளவு தெரிந்தது. அடுத்தடுத்து சிறுத்துக்கொண்டே போய், வரியின் முடிவில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிட்டது. டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். வெல்டிங்கா, சுரங்கமா. மண்பாண்டம் என்றேன். மண்ணா என்றார். மண்ணோடு கலர் பொடியும் என்றேன். என்னென்ன பொடி, பட்டியல் வேண்டும் என்றார்.

மறுநாள் கலர் ரூமுக்குப் போனேன். டப்பா காலியாகி நிரப்பும்போதெல்லாம் அக்கா பழைய லேபிளின் மேலேயே புது லேபிள் ஒட்டித் தேதி போடுவார். மாங்கனீஸ் டப்பாவில் அவை ஒரு விரல் தடிமனுக்கு இருந்தன. ஈரத்துணி வைத்து ஊறவிட்டு ஒவ்வொன்றாக உரித்து மேஜையில் வரிசையாக வைத்தேன். அடியில் இருந்தது அந்தப் பழைய குண்டு எழுத்து. மேலே வர வர ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் சின்னது. கடைசி லேபிளைப் படிக்க நான் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இரண்டு வருடமாக வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

பட்டியலுக்காகச் சப்ளையர் கோப்பைத் திறந்தேன். உள்ளே நாலு பக்கத் தாள் ஒன்று பிளாஸ்டிக் உறையில் இருந்தது. தங்கக் கலருக்காக முதல் மாங்கனீஸ் மூட்டை வந்தபோது அதோடு வந்த பாதுகாப்பு விவரத் தாள். இங்கிலீஷில் இருந்தது. மூட்டையைப் பிரித்த அக்கா அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தது அப்போது எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. இதில் என்ன எழுதியிருக்கிறது, எனக்குப் படித்துச் சொல்லுங்கள் தங்கச்சி என்று கேட்டார். நான் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன். “எப்பவும் போடறதுதானுங்க்கா. மாஸ்க் போடோணும், கை கழுவோணும்னு போட்டிருக்கான். நீங்க செய்யறதுதான்” என்றேன். அவர் அங்கேயே நின்றார், நாலு பக்கம் இருக்கிறதே என்றார். நான் சிரித்துக்கொண்டே தாளை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் இரண்டாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் படித்தேன்.

டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன், நூற்றுக்கு நூறு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பொடிப் பக்கமோ புகைப் பக்கமோ இனிமேல் போகக்கூடாது. மருந்து கொஞ்சம் தாங்கும், போனது திரும்புவது சந்தேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அக்கா சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். மலர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முழுக்கப் படிக்காமல் சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னேன். மலர் மடிப்பதை நிறுத்திவிட்டாள். அக்கா முகத்தில் எதுவும் அசையவில்லை. இமைகூட அரிதாகத்தான் அசைந்தது. பக்கத்தில் காதைக் கொண்டுபோனால்தான் கேட்கிற குரலில் சொன்னார்.

“இப்ப வாசிங்க.”

ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னேன். தூசியைச் சுவாசிக்கக்கூடாது. சூட்டில் கிளம்பும் புகையைச் சுவாசிக்கக்கூடாது. காற்று வெளியேறும் வசதி இருக்கவேண்டும். நீண்ட நாள் சுவாசித்தால் நரம்பைப் பாதிக்கலாம். மனநிலை மாறலாம். அக்கா, “வந்துச்சு” என்றார். குரல் மெலியலாம். “வந்துச்சு.” நடை தடுமாறலாம். அதற்கும் அதேதான். முகத்தில் உணர்ச்சி குறையலாம் என்ற வரியில் நான் நின்றுவிட்டேன். வாசிங்க என்றார் மறுபடியும். வாசித்தேன். நாலு பக்கமும் முடிந்தது. மலர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“தமிழ்ல போட்டிருந்தா நானே வாசிச்சிருப்பேன், தங்கச்சி” என்றார் அக்கா. பிறகு கேட்டார். “இப்ப சூளைகிட்ட யாரு நிக்கிறா?”

“பவித்ராங்க்கா.”

“அதுக்குப் பால்குடிக்கிற புள்ள இருக்கு. விளங்குதா?”

மறுநாள் காலை ஐந்தரைக்கே பட்டறைக்குப் போய்ச் சூளையின் ஃபியூஸைப் பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். எல்லோரும் வந்ததும் கொட்டகைக்கு வெளியே நிற்க வைத்துத் தாளைத் தமிழில் படித்தேன். பவித்ரா ஒரு கேள்விதான் கேட்டாள், இத்தனை நாள் பட்டதுக்கு எனக்கு என்ன ஆகும் என்று. டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். முதலாளியம்மா பத்து மணிக்கு வந்தார். ஆர்டர் பாதியில் நிற்கிறதே என்று முதலில் சத்தம் போட்டார். தாளை வாங்கி நின்றபடி படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். இது நம்ம கிட்டவே இருந்ததா என்று கேட்டார். கோப்பில் இருந்தது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. தங்கக் கலரை அன்றோடு நிறுத்தினார், அக்காவின் வைத்தியத்துக்கும் கடைசி வரை உதவினார். அந்தத் தாளை அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரமே கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் வந்து இரண்டு சுவரிலும் ஓட்டை போட்டு ஃபேன் மாட்டினார்கள். குடோன்காரரிடம் ஃபோனில் கேட்டபோது, தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். காலை பத்து மணிக்கு ஆரம்பித்த வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. அரை நாள். இப்போதும் எந்த வீட்டுச் சமையலறையிலாவது அந்த ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டால் என்னால் அங்கே நிற்க முடிவதில்லை. பவித்ராவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நடக்க வைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். அவள் எப்போதாவது ஃபோன் செய்வாள். பேசி முடித்ததும் அவள் வாட்ஸ்அப்பில் ஏதாவது எழுதி அனுப்பினால்கூட எழுத்தின் அளவைப் பார்க்கிறேன். ஃபோன் எழுத்து எல்லாருக்கும் ஒரே அளவுதான் என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

அடுத்த கோடையில் என் கணவரோடு வேலை செய்கிறவர்கள் குடும்பங்களோடு மசினகுடிக்குப் போனோம். ஜீப்பில் காட்டைச் சுற்றிவிட்டுச் சாப்பிட ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே நுழைந்ததும் தெரிந்துவிட்டது. கூரை முழுக்க எங்கள் விளக்குகள். உள்ளே பல்பு எரிய, கறுப்பில் தங்கம் மினுங்கித் தொங்கின. பெண்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் பையன் இது அம்மா ஆபீஸில் செய்தது என்று பெருமையாக எல்லோரிடமும் சொன்னான். வெந்து கண்ணாடியானபின் அவற்றால் ஒரு தீங்கும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் சோற்றில் கை வைக்க முடியாமல் வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்துகொண்டேன். மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துக்குப் போவது பழக்கமாகியிருந்தது. மலரால் அன்று ஒரு நாள்தான் வெளிவேலைகளைப் பார்க்க முடியும். ஜவுளிக்கடையில் மற்ற ஆறு நாளும் நிற்கிறவள், அப்போது பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் அக்காவைப் பார்த்துக்கொள்வார்கள். அவள் திரும்பும்வரை நான் அக்காவுக்குத் தலைவாரி, கஞ்சி கொடுத்து, கொஞ்ச தூரம் நடக்க வைப்பேன். பின்னால் ஒரு கையைத் தயாராக வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாம் ஒருவருக்குத் தப்புச் செய்துவிட்டால் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒரு சுளிப்பு, ஒரு இளக்கம், ஏதாவது தெரியுமா என்று. அந்த முகத்தில் ஒன்றும் தெரியாது. என்னை மன்னித்தாரா, மனதுக்குள் சபிக்கிறாரா, நான் வருவது பிடிக்கிறதா, மகளுக்கு உதவியாயிற்றே என்று பொறுத்துக்கொள்கிறாரா, எதுவும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்கிற வழியையும் சேர்த்து நான்தான் அடைத்துவிட்டேன்.

கேட்டுவிடுவது என்று ஒரு ஞாயிறு முடிவு செய்தேன். வெயில் அடித்த நாள். லயத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். கீழே சரிவில் யாரோ முருங்கைக்கீரை விற்றுக்கொண்டு போனார்கள்.

“அக்கா, எம்மேல கோவமுங்களா?”

அவர் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. பதில் வராது என்று நான் சீப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

“இருக்கு.”

உட்கார்ந்துவிட்டேன். அவர் கை நடுங்கிக்கொண்டே நாற்காலியின் பிடியிலிருந்து நகர்ந்து என் மணிக்கட்டுக்கு வந்தது. பிடி லேசாகத்தான் இருந்தது.

“அது பாட்டுக்கு இருக்கும் தங்கச்சி. அதுக்காக வராம இருந்துறாதீங்க.”

அதற்குப்பின் பதினோரு மாதம் இருந்தார். ஒரு ஞாயிறும் நான் தவறவில்லை. கோபம் குறைந்துவிட்டதா என்று மறுபடி கேட்கவில்லை.